கேடயத்தை விடுங்கள், கழிப்பறைச் சாவியை வாங்குங்கள்

கேள்வி: மேடம், நாங்கள் திருமங்கலம் பக்கம் ஒரே அரசுப் பள்ளியில் படித்த நண்பர்கள் பதினாலு பேர். எங்களில் ஒருவன் பெயிண்டர், அந்தக் காலத்தில் எங்கள் கபடி டீமில் நல்ல ரெய்டர். நாலு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயல் இல்லாமல் போய்விட்டது. அவன் வைத்தியத்துக்காக ஆரம்பித்த வாட்ஸ்ஆப் குரூப்தான் இப்போது சின்ன அறக்கட்டளையாக இருக்கிறது. கையில் மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. சுற்றி ஒன்பது கிராமத்தில் கை கால் பாதிக்கப்பட்ட 27 பேரைக் கணக்கெடுத்திருக்கிறோம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தில் பள்ளி மைதானத்தில் விளையாட்டு விழா வைத்து வீல்சேர் ரேஸ், குண்டு எறிதல், மியூசிக்கல் சேர் நடத்தி கேடயமும், மதியம் பிரியாணியும், பத்துப் பேருக்கு வீல்சேரும் கொடுக்கலாம் என்று திட்டம். இங்கிருந்தும் ஒரு மாரியப்பன் வரவேண்டும் என்பது எங்கள் ஆசை. வேறு என்ன போட்டி வைக்கலாம், ஆபத்து இல்லாமல் நடத்துவது எப்படி? இன்னொன்று, யாருக்காக இதெல்லாம் ஆரம்பித்தோமோ அவனே "நான் வரலைடா" என்கிறான். மனச்சோர்வா, கவுன்சலிங் கூட்டிப்போக வேண்டுமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் நண்பருக்கு மனச்சோர்வு இருக்கலாம், ஆளைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. ஆனால் கவுன்சலிங்குக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மற்ற பன்னிரண்டு பேரும் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்கள் மட்டும் போய், "கிரவுண்டுக்கு வந்தா ஒன்னுக்குப் போக என்னடா பண்ணுவ?" என்று கேளுங்கள். இருபத்தாறு வருடமாக மதுரையில் பிசியோதெரபி பார்க்கிறேன். விளையாட வாருங்கள் என்று கூப்பிட்டு வராமல் போனவர்களில் எத்தனையோ பேரிடம் பிறகு மெதுவாகக் கேட்டதில் இந்தப் பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது.

முதுகுத்தண்டு அடிபட்டவருக்குச் சிறுநீர்ப் பை நிரம்புவது தெரியாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்லையென்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானே டியூப் விட்டு எடுக்க வேண்டும், அல்லது காலில் பை கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். டியூப் விட வேண்டுமானால் கை கழுவத் தண்ணீர் வேண்டும், உட்கார்ந்தபடியே உடுப்பை இறக்க இடம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே சாத்துகிற மாதிரி ஒரு கதவு வேண்டும். உங்கள் விழாவுக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தால் பிரியாணி முடிந்து கிளம்ப மூன்று மணி ஆகும். அதற்குள் பை நிரம்பிக் கசிந்தால், கூடப் படித்தவன் எல்லாம் சுற்றி நிற்க, ஒரு காலத்தில் ரெய்டு போன அதே மைதானத்தில், நனைந்த கைலியோடு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வரவில்லை என்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. இதே தப்பை நான் செய்திருக்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும், ஒரு சேவை அமைப்பு நடத்திய விளையாட்டு விழாவுக்குப் போட்டிகளை முடிவு செய்து கொடுத்தவள் நான்தான். சித்திரைத் திருவிழா முடிந்து அடுத்த வாரம், மதுரை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதரைக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டே கால். மேலூர் பக்கத்துப் பையன் ஒருவன், தென்னை மரத்திலிருந்து விழுந்தவன், சிமெண்ட் படியில் நிழல் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். நிழல் நகர்ந்துவிட்டது, அவன் நகரவில்லை, ஏனென்றால் அவனுக்குக் கீழே சுடுவது தெரியாது. குண்டு எறிதலில் முதல் பரிசும் வாங்கினான். ஐந்தாவது நாள் அவன் அம்மா போன் செய்து, "புட்டத்துல கொப்புளம் உடைஞ்சு தோல் உரியுதும்மா" என்றார். போய்ப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நாலு மாதம் குப்புறப் படுத்தே கிடந்தான், கேடயம் டிவி மேல் இருந்தது. அன்றைக்கே இன்னொரு அம்மா, போலியோவில் இரண்டு காலும் பாதித்தவர், மத்தியானம் தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்று தள்ளிவிட்டு, "நேத்து ராத்திரி சாப்பாட்டோட குடிச்சதும்மா, இங்க எங்க போறது" என்றார். அந்த மைதானத்துக் கழிப்பறைக்கு நாலு படி. போட்டிகளை எழுதிக்கொடுத்த நான் படியை எண்ணவே இல்லை.

அதனால் உங்கள் திட்டத்துக்கு என் யோசனை இதுதான். விழாவை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தை வைத்து வருடம் முழுக்க ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நடத்துங்கள். ஃபோட்டோ நன்றாக வராது, சிறப்பு விருந்தினர் வரமாட்டார், பரவாயில்லை.

ஒரு நாள் ஓடியாடினால் உடம்புக்கு ஒன்றும் சேராது என்பது உங்களுக்கே தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் உடற்பயிற்சிக்கான வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோதுதான் முதல் முறையாக மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக எழுதினார்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி, பிள்ளைகளுக்கு சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம். அதாவது மற்ற எல்லாருக்கும் சொன்ன அதே அளவுதான். அவ்வளவு முடியாவிட்டால் முடிந்ததைச் செய்யுங்கள், சும்மா இருப்பதைவிட மேல் என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் ஞாயிறு ஒரு மணி நேரம் இந்தக் கணக்கை முழுசாக அடைக்காதுதான். ஆனால் வாரத்தின் மற்ற நாளில் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அங்கேதான் கற்றுக்கொள்வார்கள், செய்தாயா என்று கேட்க ஓர் ஆளும் அங்கே இருப்பார்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு, வீல்சேரிலிருந்து கழிப்பறைக்கு என்று ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை மொத்த உடம்பையும் தோளில்தான் தூக்குகிறார் உங்கள் நண்பர். கையே காலாகிவிட்டவருக்குத் தோள் போனால் எல்லாம் போச்சு. அதோடு நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் எடை கூடும், சுகரும் பிரஷரும் பின்னாலேயே வரும். ஒன்று கவனித்திருக்கிறீர்களா, முன்பெல்லாம் நம் பக்கம் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள்தான். அரசு இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் கொடுக்க ஆரம்பித்த பிறகு உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்குத் தனியாக வந்து பூ வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய விடுதலை, குறையே சொல்லமாட்டேன். ஆனால் தினமும் தெரியாமலே நடந்துகொண்டிருந்த கைப்பயிற்சி அதோடு நின்றுபோனது, என்னிடம் வருகிறவர்களின் தொப்பையில் அது தெரிகிறது. பழைய சைக்கிள் யார் வீட்டிலாவது துருப்பிடித்துக் கிடந்தால் விசாரியுங்கள், செயின் மாற்றி காற்றடித்தால் பள்ளி மைதானத்தில் நாலு சுற்று சுற்ற அதைவிட நல்ல கருவி கிடைக்காது.

மாரியப்பன் விஷயத்துக்கு வருகிறேன். சேலம் பெரியவடகம்பட்டிக்காரர், சின்ன வயதில் பஸ் சக்கரம் ஏறி வலது கால் நசுங்கியவர், 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் அடுத்தடுத்து உயரம் தாண்டியவர். பெருமைதான், யார் இல்லையென்றது. ஆனால் உங்கள் 27 பேரில் மூட்டுவலியோடு நாற்பத்தெட்டு வயதில் இருக்கிற ஒரு போலியோ அண்ணனை மேடையில் உட்கார வைத்து "மாரியப்பனைப் பார்" என்றால் அவருக்கு அது பாராட்டாகப் படாது. சின்னப் பையன்களில் யாருக்காவது போட்டி வெறி இருந்தால் மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய் பயிற்சியாளர்களிடம் விடுங்கள், அந்த வழி தனி. மற்றவர்களுக்கு வேண்டியது அடுத்த ஞாயிறும் வருவதற்கு ஒரு காரணம்.

பாராலிம்பிக் பிறந்த கதையையே எடுங்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944இல் முதுகுத்தண்டு அடிபட்ட ராணுவ வீரர்களுக்கான வார்டை ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் இப்படி அடிபட்டவர்கள் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்க் கிருமியிலும் சீக்கிரமே செத்துப்போவார்கள், டாக்டர்களும் கைவிட்டுவிடுவார்கள். அவர் முதலில் பிடிவாதமாகச் செய்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் படுக்கவைத்ததும் சிறுநீர் விஷயத்தில் கண்டிப்பாக இருந்ததும்தான். விளையாட்டு அதற்கு அப்புறம் வந்தது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், வீல்சேரில் உட்கார்ந்தபடி 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள், அதுதான் 1960 ரோமில் முதல் பாராலிம்பிக்காக வளர்ந்தது. தோலையும் சிறுநீரையும் பார்த்துவிட்டுத்தான் வில்லைக் கையில் கொடுத்தார் மனிதர். நாம் கேடயத்தில் ஆரம்பிக்கிறோம்.

சரி, பணம். பத்து வீல்சேரை முதலில் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்களுக்கு வீல்சேர், மூன்று சக்கர வண்டி, காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் எல்லாம் அரசே இலவசமாகக் கொடுக்கிறது, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே மனுப் போடப் பேப்பர் சேர்த்துக்கொடுத்து, கூடவே ஓர் ஆள் போய்வந்தால் போதும். அரசு கொடுப்பதை நீங்கள் காசு போட்டு வாங்க வேண்டாம். இன்னொன்று, பத்தும் ஒரே சைஸில் வாங்குவீர்கள். ஒல்லியான பிள்ளைக்கு அகலமான சேரைக் கொடுத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு வளையும். அரசு கொடுக்கிற சேரில் இருக்காத ஒன்று நல்ல குஷன். அதை வாங்குங்கள், அதுவும் இடுப்புக்குக் கீழே தொடு உணர்ச்சி இல்லாதவர்களுக்கு மட்டும், ஆளைப் பார்த்து, அளவெடுத்து.

பெரிய செலவு ஆட்டோ. டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிறவருக்கும் டிக்கெட் இல்லை, உண்மைதான், ஆனால் அந்த முதல் படியில் ஏற்றுவது யார்? முதலில் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆட்டோ, கூட்டிவந்து காத்திருந்து திரும்பக் கொண்டுவிட ஆட்டோவுக்கு 600 ரூபாய் பேசினால் ஒரு ஞாயிறுக்கு 1,800. தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா போக வருடத்துக்கு 48 ஞாயிறு, மொத்தம் 86,400 ரூபாய். ஓட்டுநர் ஒரே ஆட்களாக இருக்கட்டும், மூன்றாவது வாரத்தில் யாரை எப்படித் தூக்க வேண்டும் என்று அவர்களுக்கே பழகிவிடும். எத்தனை பேர் வந்தாலும் லோடு ஆட்டோவில் பின்னால் ஏற்றிக் கூட்டிவராதீர்கள். செலவு மிச்சம் என்று செய்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன், சாமான் மாதிரி ஏற்றி இறக்கியவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

அடுத்தது இடம். உங்கள் பள்ளியிலேயே தேடுங்கள். பல அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று சரிவுப் பாதையும் கைப்பிடியும் வைத்துக் கழிப்பறை கட்டியிருப்பார்கள். கட்டியதோடு சரி, பூட்டு தொங்கும், உள்ளே உடைந்த பெஞ்சும் விளக்குமாறும் பழைய பரீட்சைப் பேப்பர் கட்டும் இருக்கும். தலைமையாசிரியரைப் பார்த்துச் சாவியைக் கேளுங்கள். அவர் தயங்கினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 30ஆவது பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றித்தான், அதைப் பணிவாகச் சொல்லுங்கள், பணிவு முக்கியம், அவரிடம்தான் ஒவ்வொரு வாரமும் போய் நிற்கப்போகிறீர்கள். அப்படிக் கழிப்பறை இல்லையென்றால் இருப்பதில் ஒன்றை மாற்றுங்கள். கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வெஸ்டர்ன் பீங்கான், பக்கத்தில் கம்பி, உட்கார்ந்தபடி எட்டுகிற குழாய். சரிவுப் பாதைக்கு ஒரு கணக்கு இருக்கிறது, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடிப் படி என்றால் பதினெட்டு அடி. கொத்தனார் கேட்டதும் சிரிப்பார், "எதுக்கு மேடம், ஆறடி போதும்" என்பார். ஆறடியில் போட்டது சறுக்குமரம்தான், அதில் வீல்சேர் ஏறாது, இறங்கினால் ஆள் முகம் குப்புற விழுவார்.

விளையாட்டு. மியூசிக்கல் சேரை விட்டுவிடுங்கள், அவசரத்தில் விழுந்து எலும்பு முறிவதற்கென்றே செய்தது அது, பல வருடம் நடக்காத கால் எலும்பு சாக்பீஸ் மாதிரி ஆகியிருக்கும். முதல் கால் மணி நேரம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தோளைச் சூடுபடுத்துங்கள். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டிப் படகு துடுப்புப் போடுவதுபோலப் பின்னால் இழுக்க வைக்கலாம். வீல்சேர் தள்ளுகிறவர்களுக்கு நெஞ்சுப் பக்கத் தசை இறுகி, முதுகுப் பக்கம் தளர்ந்திருக்கும், அதனால் தள்ளுகிற பயிற்சியைவிட இழுக்கிற பயிற்சி அவர்களுக்கு நல்லது.

அப்புறம் நம்மிடமே இருக்கிற ஆட்டங்களைப் பாருங்கள். வளையப்பந்து, பள்ளியில் பெண் பிள்ளைகள் ஆடுவார்களே, அந்த ரப்பர் வளையம். விரல் சரியாக மடங்காதவர்கூட மணிக்கட்டை நுழைத்துப் பிடித்துவிடுவார், பந்தில் அது நடக்காது. சிலம்பமும் வைக்கலாம். உங்கள் பக்கம் ஆசான்களுக்குக் குறைச்சலா, நீளக் கம்பை விட்டுவிட்டு மூன்றடிக் கம்பு கொடுத்து, வீல்சேரில் பிரேக் போட்டு, உட்கார்ந்தபடி சுற்றச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். தோள், மணிக்கட்டு, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்புவது எல்லாம் அதில் வந்துவிடும், பத்து நிமிடத்தில் வேர்க்கும். முக்கியமாக, அது நோயாளிப் பயிற்சி மாதிரி இருக்காது. என்னிடம் வந்த ஒரு பையன் ரப்பர் பட்டையை ஒரு வாரம்கூடத் தொடமாட்டான், கம்பைக் கொடுத்ததும் வீட்டுத் திண்ணையில் விடாமல் சுற்றி ட்யூப்லைட்டை உடைத்தான், அவன் அம்மா என்னைத்தான் திட்டினார்.

கை காலை அதிகம் அசைக்க முடியாத பிள்ளைகள் உங்கள் கணக்கில் கண்டிப்பாக இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள். அவர்களை ஓரமாக உட்காரவைத்துக் கைதட்டச் சொல்வதுதான் வழக்கம். அவர்களுக்கென்றே ஒரு பாராலிம்பிக் விளையாட்டு இருக்கிறது, போச்சியா. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் போட்டுவிட்டு, சிவப்புப் பந்து ஆறு, நீலப் பந்து ஆறு, யார் பந்து வெள்ளைக்குக் கிட்டே நிற்கிறது என்பதுதான் ஆட்டம், கிட்டத்தட்ட நம் கோலிக்குண்டு மாதிரி. எறிய முடியாதவர் சரிவுக் குழாய் வழியாக உருட்டிவிடலாம், கை வராவிட்டால் தலையில் கட்டிய குச்சியால் தள்ளிவிடலாம். ஒரிஜினல் பந்து விலை அதிகம். 275 கிராம் எடை, ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, தையல்காரரிடம் சொல்லித் துணிப்பையில் கேழ்வரகு நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்தால் சரிவு ரெடி. இந்தப் பிள்ளைகளுக்கு வலுப்பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள், அது பழைய நம்பிக்கை, அப்படி ஆவதில்லை.

உட்கார்ந்து ஆடும் வாலிபால் பற்றியும் யாராவது சொல்வார்கள், ஆண்களுக்கு வலை 1.15 மீட்டர் உயரம்தான், தரையில் புட்டம் பட்டபடியே நகர்ந்து ஆடுவது. கால் எடுத்தவர்களுக்கும் போலியோக்காரர்களுக்கும் அருமையான ஆட்டம். உங்கள் நண்பரை அதில் இறக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத தோல் தரையில் தேய்ந்தால் புண்தான்.

ஆபத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள், பாதியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டு, எட்டேகாலுக்கு முடித்துவிடுங்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வேர்க்காது, அதனால் உடம்பு சூட்டை வெளியே விடத் தெரியாது, ஈரத் துண்டும் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலும் பக்கத்தில் இருக்கட்டும். கழுத்திலோ நெஞ்சு மட்டத்திலோ அடிபட்டவர் திடீரென்று மண்டை இடிக்கிறது என்று சொல்லி, முகம் சிவந்து வேர்த்தால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள், பிரஷர் சட்டென்று ஏறுகிறது என்று அர்த்தம். பாவம் என்று படுக்க வைத்துவிடுவார்கள், அது தப்பு. நிமிர்த்தி உட்காரவையுங்கள், பெல்ட்டையும் இறுக்கமான உடுப்பையும் தளர்த்துங்கள், சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால் 108. உணர்ச்சி இல்லாதவர்கள் எல்லாரும் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றிப் புட்டத்தைத் தூக்கி இறக்க வேண்டும், விசில் அடித்து எல்லாரையும் சேர்த்தே செய்யவையுங்கள். வீட்டுக்குப் போனதும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போலியோக்காரர்களிடம் மட்டும் "இன்னும் ஒன்னு, இன்னும் ஒன்னு" என்று உற்சாகப்படுத்தாதீர்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். மிச்சமிருக்கும் தசை இத்தனை வருடமாக இரட்டை வேலை பார்த்துக் களைத்திருக்கும். மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போது அலுப்பு இருந்தால் நேற்று அதிகம் என்று கணக்கு. சுகரால் கால் எடுத்தவர்கள் வந்தால் மிச்சமிருக்கிற காலைத் தினமும் பாருங்கள், அதுதான் அடுத்தது. முதல் மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொருவரையும் பார்த்துக் குறிப்பு எழுதுவது நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிற பிசியோதெரபிஸ்ட் உங்கள் வட்டாரத்தில் இருப்பார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அவருக்கு இந்த 27 பேரில் பலரை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தோடு வைத்த பட்டியலில் பெண்கள் நாலு பேர்தான். ஒன்பது கிராமத்தில் நாலு பேரா? பதினாலு ஆண்கள் போய்க் கேட்டால் "அப்படி யாரும் இல்லைங்க" என்றுதான் சொல்வார்கள், வரன் பார்க்கிற வயதில் தங்கையோ அக்காவோ வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பித் திரும்பக் கணக்கெடுங்கள், மகளிர் சுய உதவிக் குழுவில் சொன்னால் ஒரே வாரத்தில் பட்டியல் வரும். ஞாயிறு காலை கறி எடுத்துச் சமைக்கிற நேரம், அவர்களால் வரமுடியாது, சனிக்கிழமை சாயங்காலம் வருவார்களா என்று அவர்களிடமே கேளுங்கள். தூக்கி இறக்கப் பெண்களே இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் உங்கள் ஆட்டோ வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பும்.

நேரம் இருந்தால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லாமல் போன எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆரம்பித்த அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. மலைத்துப்போக வேண்டாம், அவ்வளவு பெரிதாக நீங்கள் செய்யப் போவதில்லை. கதவு, சரிவு, கழிப்பறை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து, ஃபோன் கேமராவில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மறுபடி உங்கள் நண்பர். இந்த ஒரு மணி நேரத்தை நடத்த, ஆட்டோக்காரரிடம் பேச, யார் வரவில்லை என்று போன் போட்டுத் திட்ட ஒரு பொறுப்பான ஆள் வேண்டும், உங்கள் பதின்மூன்று பேரும் மூன்றாவது மாதத்தில் கல்யாணம், காதுகுத்து என்று கழன்றுகொள்வீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறது. அந்த வேலையை அவருக்குக் கொடுங்கள். சேவையாக அல்ல, மாதம் ஐயாயிரம் சம்பளத்துக்கு. வருடத்துக்கு அறுபதாயிரம், ஆட்டோவோடு சேர்த்தால் 1,46,400 ரூபாய், கழிப்பறைக்கும் குஷனுக்கும் மிச்சப் பணம் தாராளம். வேண்டாம் என்றும் சொல்லலாம், அப்போது வற்புறுத்தாதீர்கள்.

ஆனால் அதைக் கேட்பதற்கு முன் இந்த வாரமே ஒரு நாள், பள்ளி விட்டபிறகு, யாரும் இல்லாத நேரத்தில் சாவி வாங்கிக்கொண்டு அவரோடு மட்டும் போங்கள். ஒரு அளவு டேப், ஒரு பக்கெட், பினாயில். கதவு அவர் சேர் நுழைகிற அகலமா, குழாய் எட்டுகிறதா என்று அவரையே அளந்து சொல்லச் சொல்லுங்கள். அந்த அளவை எனக்கு எழுதி அனுப்புங்கள், எதை இடிக்க வேண்டும் எதை இடிக்க வேண்டாம் என்று பதில் போடுகிறேன். முதல் நாலு ஞாயிறு நானும் வருகிறேன், ஆட்டோ எனக்கு வேண்டாம், ஸ்கூட்டி இருக்கிறது.